அம்மா துரையான வருஷம்

2 செப்டம்பர் 2024, திங்கள்

காலைப் பெரட்டு முடிந்தது. ஆபீஸில் இதற்கு ‘ஸ்டேண்ட்-அப்’ என்று பெயர். ஒன்பதரைக்கு எல்லோரும் வந்து நிற்க வேண்டும். முதலாளி லோக் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம் என்று ஒப்பிக்க வேண்டும். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், விடியுமுன்னே களத்தில் நின்று, தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி பெயர் வாசிக்க ‘ஆ’ என்று குரல் கொடுப்பார்களாம். அதற்குப் பெயர் பெரட்டு. இதற்குப் பெயர் ஸ்டேண்ட்-அப். இங்கே கோப்பி உண்டு என்பது ஒரு முன்னேற்றம்.

ஈப்போ பழைய டவுனில் கோப்பிக்கடை மாடியில் நாங்கள் ஐந்து பேர். லோக், படம் வரையும் யீ லிங், ஒலி பார்க்கும் ஹஃபிஸ், புரோகிராம் எழுதும் அய்மன், பிறகு நான். வெளிநாட்டுக்காரர்கள் யோசிக்கும் வீடியோ கேம்களுக்கு இங்கே உட்கார்ந்து உடம்பால் உழைக்கிறோம். என் வேலை ‘பேலன்ஸ்’. ஒரு கோட்டைக்கு எத்தனை மரம், ஒரு குதிரை எத்தனை அடி தாங்கும் என்று எண்களைச் சரிபார்ப்பது. இரண்டு வருஷமாக ஐரோப்பிய மன்னர்களுக்குக் குதிரை பராமரித்தேன்.

இன்று புது வேலை வந்திருக்கிறது. ‘ஸ்ட்ரெயிட்ஸ் டொமினியன்’. மலாயா, 1900 முதல் 1941 வரை. விளையாடுகிறவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. காட்டை அழித்து ரப்பர் தோட்டம் போட்டு லண்டனுக்கு டன் டன்னாக அனுப்பினால் வெற்றி.

லோக் என்னைப் பார்த்து ஒரே சிரிப்பு. “கலா, இது உன் கதைலா!”

என் கதையாம். அதில் நான் எங்கே இருக்கிறேன் என்று நாளைக்குத் தேட வேண்டும்.

3 செப்டம்பர்

கிடைத்துவிட்டேன். ‘வளங்கள்’ என்ற பகுதியில், ஈயத்துக்கும் எருமைக்கும் நடுவில்.

தமிழ்க் கூலி. பினாங்குத் துறைமுகத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் பத்து பேராக வந்து இறங்குவோம். மரம் தீரும், ஈயம் தீரும், நாங்கள் தீரவே மாட்டோம். பணிவு 8, உடல்பலம் 4, அறிவு 2. சீனர்களுக்குச் சுறுசுறுப்பு 9, ரகசியச் சங்கம் 7. மலாய்க்காரர்களுக்கு மனநிறைவு 9, அதனால் அவர்களை எந்த வேலைக்கும் அனுப்ப முடியாது. காட்டுக்குள் இருக்கும் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லியின் ஊர்களைத் தேடினேன். அவை ‘தடைகள்’ என்ற பகுதியில், பாறைக்கும் சதுப்புக்கும் பக்கத்தில் இருந்தன. கோடரியைக் காட்டினால் காணாமல் போய்விடுகின்றன.

லோக்கிடம் அந்த ‘ரகசியச் சங்கம் 7’ஐக் காட்டினேன். “என் தாத்தா பேக்கரி வைத்திருந்தார்” என்றார். கொஞ்ச நேரம் கோப்பியைத் தொடவில்லை.

அய்மன் தன்னைத் தேடினான். தைப்பிங்கில் மூன்று தலைமுறையாகச் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம். இல்லவே இல்லை. “நல்லதாப் போச்சுக்கா. நாங்க இல்லாததால எங்களுக்கு மார்க்கும் இல்ல” என்றான்.

அறிவு 2. இந்த எண்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க என்னைத்தான் வைத்திருக்கிறார்கள்.

11 செப்டம்பர்

கூலிகளுக்கு ‘கொந்தளிப்பு’ என்று ஒரு சிவப்புக் கோடு உண்டு. அது ஏறினால் உற்பத்தி குறையும். கள்ளுக்கடை கட்டினால் பதினைந்து இறங்கும். கோயில் கட்டினால் பத்து. பள்ளிக்கூடம் கட்டினால் ஐந்து ஏறும்.

இதை எழுதியவனை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மற்றதெல்லாம் தப்பு, இது மட்டும் உண்மை.

இன்னொன்றும் பார்த்தேன். துரையின் பங்களாவிலிருந்து ஆலைக்குச் சாலை இருக்கிறது, கிளப்புக்கு இருக்கிறது, ரயில் நிலையத்துக்கு இருக்கிறது. கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கு இல்லை. மறந்துவிட்டார்களா என்று அய்மனைக் கேட்டேன். “மறக்கலக்கா. அந்தாளு அங்க போயி என்ன செய்யப் போறாரு?”

20 செப்டம்பர்

இன்று சண்டை.

‘பேரிடர்கள்’ என்ற கோப்பைத் திறந்தேன். வெள்ளம், காய்ச்சல், புலி, வேலைநிறுத்தம். இந்த வரிசையில்! பாதிக்கு மேல் கூலிகள் வேலைக்கு வராவிட்டால் வேலைநிறுத்தம் என்று மணி அடிக்கும். இரண்டு பொத்தான்கள் வரும்: போலீஸைக் கூப்பிடு, அல்லது காத்திரு. புலிக்காவது மூன்று வழி வைத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் உட்கார்ந்திருக்கும் தயாரிப்பாளர் ரூபர்ட்டிடம் திரையில் பேசினேன். நல்ல மனிதர். கோபமே வராது, அதுதான் அவரிடம் இருக்கும் பெரிய தொல்லை. கூலிகள் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு வரியாவது வரட்டும், துரை அவர்களோடு பேசித் தீர்க்கட்டும் என்றேன்.

“ஆனால் கலா, அவர்கள் முடிவெடுத்தால் விளையாடுகிறவரின் அதிகாரம் குறைந்துபோகுமே?”

ஆமாம். பேச்சுவார்த்தை என்றால் அதுதான்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். தோட்டத்தில் வேலை பார்த்த உண்மையான ஆட்களைக் கூட்டிவந்து விளையாட விடு. அவர்களுக்கு மனம் நோகுமானால் வேலைநிறுத்தத்தை நீ சொன்னபடி மாற்றுகிறேன். பிடித்துவிட்டால் அப்படியே போகட்டும், கடைசிப் பெயர்த்திரையில் ‘பண்பாட்டு ஆலோசகர்’ என்று உன் பெயரும் வரும்.

சரி என்றேன். உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். என் அம்மாவை இவருக்குத் தெரியாது.

1 அக்டோபர்

மூன்று பேரைச் சொல்லிவிட்டேன். என் அம்மா மங்களம். பக்கத்து பிளாக் மாரியம்மா அத்தை. அப்புறம் ராமையா மாமா, ஆயர் தாவார் பக்கம் எங்கள் தோட்டத்தில் தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவர். எழுபதுகளில் அங்கே வேலைநிறுத்தம் நடத்தியவரே அவர்தான். தோட்டத்தை விற்று, ரப்பருக்குப் பதில் எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டபிறகு எல்லோரும் புந்தோங் அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தோம். ரூபர்ட்டுக்குப் பொட்டலம் கட்டி அனுப்ப மாமா ஒருவரே போதும்.

5 அக்டோபர், சனி

எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மூன்று பேரும் பண்டிகைக்கு வருவதுபோல உடுத்திக்கொண்டு வந்தார்கள். லோக் எல்லோருக்கும் முட்டைத் தோசையும் கோப்பியும் வாங்கி வைத்தார். ரூபர்ட் திரையில் கையசைத்தார். மௌஸ் பிடிக்க அய்மன் சொல்லிக்கொடுத்தான். முதல் பத்து நிமிஷம் ‘ஐயோ, எங்க போச்சு அம்பு’ என்று ஒரே கூச்சல். அதன்பிறகு சத்தமே இல்லை. நான் அந்த அமைதியை வேதனை என்று நினைத்துக்கொண்டேன். மனம் நொறுங்கிக்கொண்டிருக்கிறது, பாவம், என்று.

போய்ப் பார்த்தால் மாரியம்மா அத்தை துரைகளுக்கு இரண்டாவது கிளப் கட்டிக்கொண்டிருக்கிறார். “நல்ல எடமா இருக்குடி, ஆத்தோரம்.”

ராமையா மாமாவின் திரையில் மணி அடித்தது. வேலைநிறுத்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மனிதர் யோசிக்கவே இல்லை. போலீஸ் பொத்தானை அமுக்கினார். இன்னும் சீக்கிரம் வரட்டும் என்று இரண்டாம் தடவையும் அமுக்கினார்.

“மாமா! நீங்க சங்கத்துல இருந்தவரு!”

“இருந்தேன்மா. இப்ப நான் தொரை. டன்னு கொறையுது பாரு.”

அம்மா? அம்மாதான் முதலிடம். பள்ளிக்கூடம் கிடையாது, கள்ளுக்கடை மட்டும் இரண்டு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகை கட்டுங்களேன் என்று கெஞ்சினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அதுக்கு வேற செலவா? மரத்துல தொட்டில் கட்டிப் போட்டுட்டு நாங்க வெட்டலயா? உன்னயும் அப்படித்தான் போட்டேன். சாவாமதான இருக்க?”

ரூபர்ட் கைதட்டினார். “அற்புதம். அவர்கள் ரசிக்கிறார்கள்!” யீ லிங் போட்டோ எடுத்தாள். மூன்று பேரும் பல் தெரியச் சிரிக்கும் போட்டோ.

நான் கழிப்பறைக்குப் போய் அழுதேன். கோபமா வெட்கமா என்று இன்னும் தெரியவில்லை.

6 அக்டோபர்

அம்மாவோடு பேசவில்லை. அம்மா கவனிக்கவும் இல்லை. அந்த கேம் வீட்டுக்கு வருமா என்று கேட்டார்.

9 அக்டோபர்

நான் என்ன எதிர்பார்த்தேன்? கண்ணைத் துடைத்துக்கொண்டு ‘எங்கள் வரலாற்றை இப்படிச் சிதைத்துவிட்டீர்களே’ என்று மூன்று பேரும் கோரஸாகச் சொல்வார்கள் என்றா? கஷ்டப்பட்டவர்களுக்கு விளையாடத் தெரியாது என்று நானே முடிவுகட்டி வைத்திருக்கிறேன். ரூபர்ட் எனக்கு அறிவு 2 போட்டது கொஞ்சம் தாராளம்தான்.

இரண்டு நாளாக அதே கேமை நானும் விளையாடிப் பார்த்தேன். என் தோட்டத்திலும் பள்ளிக்கூடம் இல்லை. கட்டக்கூடாது என்று நினைக்கவில்லை, கட்டத் தோன்றவே இல்லை. காமிரா ஆகாயத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் லயம் தீப்பெட்டி, ஆள் எறும்பு. டன் கணக்கு மட்டும் திரையின் மேலே பெரிய எழுத்தில், எப்போதும். அந்த நாற்காலியில் யாரைக் கொண்டுபோய் உட்கார வைத்தாலும் துரைதான் எழுந்து வருவார்.

18 அக்டோபர்

விளம்பரப் படம் வந்துவிட்டது. பீரங்கி, பாய்மரக் கப்பல், பொன்னிற அந்தி. நடுவில் என் அம்மாவின் பல். கீழே: ‘தோட்டத்து மக்களே கொண்டாடும் விளையாட்டு’.

அம்மா அதை புந்தோங் முழுக்க வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்.

31 அக்டோபர், தீபாவளி

முறுக்கு ஒரு பக்கம், லேப்டாப் ஒரு பக்கம். சோதனைக்காக வீட்டுக்குக் கொண்டுவந்தேன் என்று ஆபீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அம்மா வந்தவர்களை வாங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்.

மத்தியானம் ஒரே திட்டு. யாரை என்று போய்ப் பார்த்தேன். கேமைத்தான்.

“என்னாடி தோட்டம் இது? எந்தத் தோட்டத்துலயாச்சும் பெரட்டு இல்லாம வேல நடக்குமா? எவன் வந்தான் எவன் வரலன்னு நான் எப்புடித் தெரிஞ்சுக்கறது? ஒனக்குச் சம்பளம் குடுக்கறாங்களே, சொல்லு அந்த வெள்ளக்காரன்கிட்ட!”

கூலிகளை இன்னும் இறுக்கிப் பிடிக்க வழி கேட்கிறார் என் தாய்.

ஆனால் பெரட்டு என்றால் பெயர் வேண்டும். கூலிக்குப் பெயர் வேண்டும்! இந்த விளையாட்டில் எருமைக்குக்கூடப் பெயர் வைக்கலாம், எங்களுக்கு வைக்க முடியாது. முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

6 நவம்பர்

ரூபர்ட்டிடம் சொன்னேன். வார்த்தையைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். ‘தினசரி மேற்பார்வை.’ ‘விளையாடுகிறவருக்குக் கூடுதல் கட்டுப்பாடு.’ மக்களுக்குப் பெயர் வேண்டும் என்று கேட்டிருந்தால் செலவு என்றிருப்பார். கட்டுப்பாடு என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. உண்மையான குரல்களையே பதிவு செய்துவிடுங்கள் என்றார். விதிகளை நீயே எழுது என்றார்.

16 நவம்பர்

ஒலிப்பதிவு. ராமையா மாமாதான் கிராணி. கம்பீரமாகப் பெயர் வாசித்தார். அம்மா, அத்தை, புந்தோங்கிலிருந்து வந்த இன்னும் கொஞ்சம் பேர் ஒவ்வொருவராக ‘ஆ’ சொன்னார்கள். கூலிகளுக்கு அவர்களுடைய சொந்தப் பெயரையே வைத்தோம். ஹஃபிஸ் ‘ஆ’ என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டான். “ஹாடிர்” என்றேன், ‘வந்திருக்கிறேன்’ என்பதற்கு மலாய். புரிந்துகொண்டான். அவனும் பள்ளிக்கூடத்தில் சொன்னதுதானே.

இடைவேளையில் மாமா சிரித்துக்கொண்டே சொன்னார். “இந்தப் பெரட்டுலதான் நாங்க ஸ்ட்ரைக்கே வச்சோம். லயத்துக்குத் தண்ணிப் பைப்பு கேட்டு. வரலன்னா கேஸு, வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவான். அதனால எல்லாருமே வந்துட்டோம். ஒருத்தர் பாக்கியில்ல. பேரக் கூப்புட்டா மட்டும் வாயத் தொறக்கல.”

“அப்புறம்?”

“ஆ சொன்னவனுக்குத்தான் மரம் பிரிச்சுக் குடுக்கணும். மரம் குடுக்கலன்னா பால் ஏது? ஆனா வரலன்னும் எழுத முடியாது. மூஞ்சிக்கு எதிர்லயே நிக்கிறோமே! கடேசில தொரையே லயத்துக்கு நடந்து வந்தாரு. அதுக்கு முன்ன அந்தப் பக்கம் அவரு காலே பட்டதில்ல. பைப்பு வந்துச்சு. பாதி நாளு தண்ணிதான் வராது.”

“இத அன்னிக்கு விளையாடறப்ப சொல்லிருக்கலாம்ல மாமா?”

“அன்னிக்கு நான் தொரைலா.”

2 டிசம்பர்

விதிகளை எழுதுகிறேன். ‘ஆ’ சொன்ன கூலிக்கே மரம். கொந்தளிப்புக் கோடு உச்சிக்குப் போனால் கூலிகள் களத்துக்கு வருவார்கள், நிற்பார்கள், பதில் சொல்ல மாட்டார்கள். பழைய கோப்பில் வேலைநிறுத்தம் என்றால் ஆள் வராமலிருப்பது. இவர்கள்தான் வந்துவிட்டார்களே. அதனால் மணி அடிக்காது. மணி அடிக்காததால் போலீஸ் பொத்தானும் வராது.

நான் ரூபர்ட்டின் விதியில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அவர் யோசிக்காத இடத்தில் போய் நின்றுகொண்டேன், அவ்வளவுதான்.

அய்மன் வாசித்துவிட்டுக் கேட்டான். “அப்ப எப்படித்தான்கா சரி பண்றது?”

“துரை லயத்துக்குப் போய்க் கேக்கணும்.”

“பாதையே இல்லியே.”

சாயங்காலம் பாதை இருந்தது. வாய்க்காலைத் தாண்டி மெலிதாக ஒரு செம்மண் கோடு. எந்த மெனுவிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. யீ லிங் ஓரத்தில் கொஞ்சம் புல்லும் வரைந்து கொடுத்தாள்.

12 ஜனவரி 2025, ஞாயிறு

பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அம்மா புதுப் பதிப்பில் உட்கார்ந்திருந்தார். பெரட்டு வந்ததில் மகா திருப்தி. கிராணி, அதாவது மாமாவின் குரல், பெயர் வாசித்துக்கொண்டே வந்தது. பத்துமலை. ‘ஆ.’ காளியம்மா. ‘ஆ.’

“மங்களம்!”

“ஆ!”

கேமிலிருந்து வந்த சத்தம் இல்லை. சோபாவிலிருந்து. துரை பங்களாவில் உட்கார்ந்திருந்த என் அம்மா, முதுகு நிமிர்ந்து, கூலியாகப் பதில் சொன்னார்.

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. “பழக்கம்” என்றார். மூடி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். வேலையை விட்டு இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது, இன்னும் கிராணி கூப்பிட்டால் உடம்பு எழுந்து நிற்கிறது.

19 ஜனவரி

அம்மாவின் தோட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. கோடு உச்சியில் நிற்கிறது. கள்ளுக்கடை இன்னொன்று கட்டினார். கோயில் கட்டினார். மறுபடி கோயில். இப்போது ஒரே லயத்தைச் சுற்றி ஐந்து கோயில்.

லயத்துக்குப் போய்க் கேட்டுப் பாருங்களேன் என்றேன்.

“நான் எதுக்குடி போவணும்? வேணும்னா அவனுங்க வரட்டும்.”

வாழ்க துரைசானி.

7 பிப்ரவரி

வெளிநாட்டுச் சோதனைக்காரர்களிடமிருந்து புகார்கள் வந்து குவிகின்றன. எனக்குப் பிடித்தது இது: ‘தமிழ்த் தொழிலாளர்கள் பழுதாகிவிட்டார்கள். சும்மா நின்று என்னையே பார்க்கிறார்கள்.’

10 பிப்ரவரி

ரூபர்ட்டுக்குக் கோபம் வரும். இன்று பார்த்தோம்.

மௌனத்தை எடுத்துவிட வேண்டுமாம். பெரட்டு இருக்கலாம், எல்லோரும் ‘ஆ’ சொல்ல வேண்டும். புரோகிராமில் அய்மனின் பெயர் இருக்கிறது, அதனால் அவன் ஒப்பந்தம் தொடருமா என்று யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். விதி என்னுடையது, அய்மனை விடுங்கள் என்றேன். யாருடையதாக இருந்தாலும் சரி, நாளை தைப்பூசம் போகட்டும், வியாழக்கிழமை ஸ்டேண்ட்-அப்பில் யார் எடுக்கப்போகிறீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள் என்றார்.

அய்மனுக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்தது. நான் எடுத்துவிடுகிறேன்டா, ஒரே ஒரு வரிதானே என்றேன். அவன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

எடுத்துத்தான் ஆக வேண்டுமா? ஒரு கேம்தானே. யார் செத்துப்போகப் போகிறார்கள். என்னவோ அம்மாவின் வாயை நானே அமுக்கித் திறப்பது போலிருக்கிறது.

13 பிப்ரவரி, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

ஒன்பதரை. ரூபர்ட் திரையில். லோக் வழக்கம்போல ஆரம்பித்தார். “யீ லிங்?”

யீ லிங் நின்றாள். திரையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. காலையில் தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்தேன். “ஹஃபிஸ்?” அவனும் இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, சத்தியமாக. “அய்மன்?” அவன் காதெல்லாம் சிவந்து போயிருந்தது. வாய் மூடியே இருந்தது.

“கலாதேவி?”

நான் எடுக்கிறேன் என்று சொல்லத்தான் வந்திருந்தேன். வாயில் தயாராக இருந்தது. சொல்லவில்லை.

ரூபர்ட் காதுக்கருவியைக் கழற்றி மாட்டினார். “ஆடியோ பிரச்சினையா? நான் பேசுவது கேட்கிறதா?”

எல்லோரும் தலையாட்டினோம். நன்றாகவே கேட்கிறது.

“லோக், யார் வரவில்லை?”

“எல்லாரும் வந்திருக்காங்க” என்றார் லோக். பிறகு கோப்பியை எடுத்து மெதுவாகக் குடிக்க ஆரம்பித்தார். அவர் அப்படி ருசித்துக் குடித்து நான் பார்த்ததே இல்லை.

17 பிப்ரவரி

இன்றும். எல்லோரும் நேரத்துக்கு வருகிறோம். இவ்வளவு ஒழுங்காக இந்த ஆபீஸ் நடந்ததே இல்லை.

20 பிப்ரவரி

ரூபர்ட் வந்துவிட்டார். நேரிலேயே, ஈப்போவுக்கு. கோப்பிக்கடையின் எண்ணெய்ப் பிசுக்குப் படியில் ஏறிவந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்றார்.

நானும் அய்மனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் பட்ட பாடு!

சொன்னோம். மௌனம் அப்படியே இருக்கட்டும். வேலைநிறுத்தத்தைப் பேரிடர் கோப்பிலிருந்து எடுங்கள். அய்மனைத் தொடாதீர்கள். அந்தப் போட்டோவை எடுத்துவிடுங்கள். அந்த மார்க்குகளையும்.

மூன்று மணிநேரம் பேச்சு. நடுவில் லோக் கோழிச்சோற்றைப் பொட்டலமாகத் தாப்பாவ் செய்துவந்தார். முடிவு: மௌனம் இருக்கும், மாற்றி எழுத நாள் இல்லை என்பதால். வேலைநிறுத்தம் பேரிடர் இல்லை. அய்மன் இருப்பான். போட்டோ அச்சுக்குப் போய்விட்டது, மன்னிக்கவும். மார்க்கு அடிப்படை வடிவமைப்பு, தொட முடியாது. ஆனால் நல்லெண்ண அடையாளமாக, தமிழ்க் கூலியின் அறிவு 3 ஆகும்.

பைப்பு வந்துவிட்டது. பாதி நாள் தண்ணீர் வராது.

28 மார்ச்

என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. லோக் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். பாவம், அவரும் கிராணிதானே. பெயர்த்திரையிலிருந்தும் என்னை எடுத்துவிட்டார்கள். பண்பாட்டு ஆலோசகர் இடத்தில் மூன்று பெயர்: ராமையா, மாரியம்மா, மங்களம்.

அம்மாவிடம் வேலை போனதைச் சொன்னேன். எனக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல் வைத்தார்.

9 மே

கேம் வெளியாகிவிட்டது. பாராட்டு என்றால் பாராட்டு. ரூபர்ட் ஒரு பேட்டியில் சொல்கிறார்: உழைப்பாளியின் மௌன வலிமையைக் காட்டுவதே ஆரம்பத்திலிருந்து எங்கள் நோக்கம். ஆரம்பத்திலிருந்து! அந்த ஆரம்பத்தில் நான் எருமைக்குப் பக்கத்தில் இருந்தேன்.

லூமுட்டில் ஒரு தனியார் கல்லூரியில் பாதிநேரப் பாடம் எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பு: கேம் வடிவமைப்பு. போகலாம் என்றிருக்கிறேன். அறிவு 3 இருக்கிறதே.

18 மே, ஞாயிறு

மழை. அம்மா விளையாடிக்கொண்டிருந்தார். அவரே காசு கொடுத்து வாங்கியது. நான் பக்கத்தில் பாடக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

களத்தில் கூலிகள் நின்றார்கள். மாமாவின் குரல் பெயர் வாசித்தது. பத்துமலை. பதில் இல்லை. காளியம்மா. இல்லை. அடுத்து யார் என்று எனக்குத் தெரியும். எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவின் வாயைப் பார்த்தேன்.

“மங்களம்!”

அம்மா மைலோவை ஒரு வாய் குடித்தார்.

“மங்களம்!”

டன் கணக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. துரை பங்களா வாசலில் நின்றார். செம்மண் பாதை எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கு இப்போது நன்றாகத் தெரியும். அன்றைக்கெல்லாம் ஒரு டன் குறைந்தால் கத்தின அம்மா, மௌஸைத் தள்ளி வைத்திருந்தார்.

“அம்மா, தொரைய லயத்துக்கு அனுப்புங்க. தோட்டமே போயிரும்.”

“போவட்டும்லா” என்றார் அம்மா. “இன்னும் கொஞ்ச நேரம் கூப்புடட்டும்.”